நீலக் கயிறு மட்டும் திரும்பி வந்தது

போன மாதப் போயா தினம், பௌர்ணமி விடுமுறை. காலை ஏழு மணி. ஒரு கன்னத்தில் மட்டும் சவரம் முடிந்திருந்தது. அப்போதுதான் ரிஸ்னா போன் செய்தாள்.

“அங்கிள், எங்கட குச்சிக் கட்டு ஒன்னையும் காணல்ல.”

“எத்தனை போச்சு?”

“நாற்பதும். ஆனா கயிறு மட்டும் இருக்கு.”

கயிறு மட்டுமா? ஆமாம். நாற்பது நீல நைலோன் கயிறு. ஒவ்வொன்றையும் அழகாகச் சுற்றி, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, அவளுடைய கரி மெஷினின் கைப்பிடியில் மாலை மாதிரி மாட்டி வைத்திருந்தார்களாம். விறகைத் தூக்கிக்கொண்டு போய், கயிற்றைச் சுருட்டித் திருப்பிக் கொடுக்கிற திருடனை நான் கேள்விப்பட்டதில்லை. நீங்கள்?

ரிஸ்னாவை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். இரத்தினபுரி மாணிக்க வியாபாரி ஒருவரின் மகள். பொறியியல் படித்தவள். மண்ணுக்குள்ளிருந்து கல்லை எடுத்தே பழகிய குடும்பத்தில், மண்ணுக்குள் கரியைப் போடப் புறப்பட்ட முதல் ஆள். கொழும்பில் நல்ல வேலை ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு, கூடப் படித்த குருவிட்ட ஊர்ப் பையன் நுவனோடு சேர்ந்து ஒரு ஸ்டார்ட்அப் தொடங்கியிருக்கிறாள். நுவனுக்கு வெல்டிங் தெரியும். தமிழில் மூன்று சொல் தெரியும். அதில் இரண்டு சாப்பாட்டுச் சொல்.

அவர்களுடைய யோசனை என்ன? தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டுவார்கள் அல்லவா? அப்போது மலை முழுக்கக் குச்சியாகக் கிடக்கும். தோட்டத்தில் அதற்குப் பெயர் மிலாறு. இலையையும் நுனியையும் மண்ணுக்கே விட்டுவிட்டு, கட்டையான மிலாறை மட்டும் எடுத்து, காற்றுப் படாமல் சுட்டால் ஒரு கரி வரும். பயோசார் என்கிறார்கள். குச்சியாகக் கிடந்து உக்கினால் அதிலுள்ள கார்பன் வானத்துக்குப் போய்விடும். கரியாக்கிப் புதைத்தால் பல காலம் மண்ணிலேயே கிடக்கும். மழைத் தண்ணீரையும் பிடித்து வைக்கும். வெயில் காலத்தில் செடி வாடாது. வானிலையே தலைகீழாகிக் கிடக்கிற இந்தக் காலத்தில் இது சின்ன விஷயமா?

கேட்ட அன்று எனக்கு உடம்பெல்லாம் உற்சாகம். இந்த வயதில் உற்சாகம் வந்தால் முதலில் பிரஷரைத்தான் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. அவர்கள் என்னைத் தேடி வந்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. கரி சுடுகிற மெஷினை வைக்கப்போகிற தோட்டம் கொடகவெலைக்கு மேலே. என் அப்பா முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்த அதே தோட்டம். போதாததற்கு, வாரா வாரம் பத்திரிகையில் தோட்டங்களைப் பற்றி எழுதுகிறவன் வேறு.

“அங்கிள், இந்த மிலாற ஆக்கள் எதுக்கும் பாவிக்கிறாங்களா?” என்று ரிஸ்னா கேட்டாள்.

“சும்மா மலையில் கிடந்து உக்கிப்போகும். யாருக்கும் வேண்டாம்” என்றேன்.

தயங்கக்கூட இல்லை. கவ்வாத்தின் வரலாறு பற்றிக் கொஞ்சம் விரிவுரையும் செய்தேன். இரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள். அது அவர்களுடைய ஸ்லைடில் நாலாம் பக்கமாக ஏறியது. தலைப்பு, ‘வீணாகும் வளம்’. அந்தத் தலைப்பும் நான் கொடுத்ததுதான்.

அந்தப் போயா தினத்துக்குத்தான் பெரிய பரீட்சை. கொழும்பிலிருந்து முதலீடு செய்கிற இரண்டு பேர், உடவளவையில் யானை பார்க்கப் போகிற வழியில், எங்கள் கரியையும் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. மதியம் இரண்டு மணிக்கு மெஷின் எரிந்து காட்ட வேண்டும். அதற்காக மூன்று நாள் வெளியிலிருந்து ஆள் பிடித்து, மிலாறு பொறுக்கி, ஒரே அளவாக வெட்டி, நீலக் கயிற்றால் கட்டி, ரோட்டோரமாக அடுக்கி, மேலே படங்கு போட்டு மூடி வைத்திருந்தார்கள். இப்போது படங்கு இருக்கிறது. கயிறு இருக்கிறது. கரியாக வேண்டியதைக் காணோம்.

மீதிக் கன்னத்தையும் வழித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. மெஷின் அப்படியே நின்றது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பெரிய பீப்பாய்கள், மேலே ஒரு புகைக்குழாய். பார்த்தால் திருவிழா அன்னதானத்துக்கு ஏதோ புதுவிதப் பாத்திரம் என்று தோன்றும். நுவன் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான்.

“பொலிசியட்ட கியமுத?” என்று கேட்டான். பொலிசுக்குச் சொல்லுவோமா என்கிறான்.

“என்னன்டு சொல்ற? கயிறு பத்திரமா இருக்குன்டா?” என்றாள் ரிஸ்னா. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்தாள். இன்னும் நாலரை மணி நேரம்.

துப்பறிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கீழே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தின் எல்லாப் புகைக்கூட்டிலும் புகை வந்துகொண்டிருந்தது. இருபது வீடு. இருபது புகை.

முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது. பெயர் புஷ்பராணி, கொழுந்து எடுக்கிறவர் என்று பிறகு தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

“வாங்க மிஸ், வாங்க சேர். கட்டு போட்டது நீங்கதானா? ரொம்ப அழகா வெட்டியிருந்தீங்க. எல்லாம் ஒரே நீளம். அடுப்புல வெச்சா சும்மா நிக்கிது.”

ரிஸ்னா அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“நேத்து சாயங்காலம் எல்லாருமா பிரிச்சோம். வீட்டுக்கு ரெண்டு கட்டு. கடைசி வீட்டுப் புள்ள மாசமா இருக்கு, அதுக்கு மட்டும் நல்லா காஞ்சதா பாத்துக் குடுத்தோம். கயிற மாட்டி வெச்சோமே, பாத்தீங்களா?”

“பாத்தோம் அக்கா” என்றாள் ரிஸ்னா, மெதுவாக. “ஆனா அது... நாங்க எங்கட மெஷினுக்குக் கட்டி வெச்சது.”

புஷ்பராணியின் கை நின்றது. “அப்ப ஏன் துணி கட்டல?”

துணியா?

வீட்டுப் பக்கச் சுவரைக் காட்டினார். அங்கே அவருடைய சொந்த மிலாறுக் கட்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பழைய சேலையிலிருந்து கிழித்த சிவப்புத் துண்டு ஒன்று முடிந்திருந்தது. அடுத்த வீட்டுக் கட்டில் மஞ்சள். அதற்கடுத்ததில் பூப்போட்ட பச்சை.

“கட்டு யாரோடதுன்னு துணிதான் சொல்லும். துணி கட்டியிருந்தா ரோட்டுல ஒரு வாரம் கெடந்தாலும் எவளும் தொடமாட்டா. துணி இல்லாத கட்டு பொதுக் கட்டு. கம்பனிதான் மழைக்கு முன்ன நமக்குக் குடுத்துட்டுப் போயிருக்குன்னு நெனச்சோம்.” கொஞ்சம் யோசித்தார். “கம்பனிக்கு எப்ப நல்ல புத்தி வந்துச்சுன்னு ஒரு சந்தேகம் இருக்கத்தான் செஞ்சிச்சு.”

உள்ளே ஒரு மூலையில் காஸ் சிலிண்டர் தெரிந்தது. அதன் மேல் ஒரு பலகை, பலகை மேல் டீவி. கடைசியாக அது எரிந்தது எப்போது என்று நான் கேட்கவில்லை.

“மிலாறு இல்லேன்னா மழைக்கு என்னத்த எரிக்கிறது? கவ்வாத்து வெட்டுற வருஷந்தான் எங்களுக்கு வெறகு” என்றார் புஷ்பராணி. பிறகு ரிஸ்னாவிடம், குரலில் ஒரு துளி கோபமும் இல்லாமல், “யாரு மிஸ் ஒங்ககிட்ட இத யாரும் எடுக்கிறதில்லேன்னு சொன்னது?”

ரிஸ்னா என் பக்கம் திரும்பவே இல்லை. வளர்ப்பு அப்படி. ஆனால் நுவன் திரும்பினான். கேள்வி தமிழில்தான் இருந்தது, இருந்தும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“நான்தான்” என்றேன்.

புஷ்பராணி என்னை உற்றுப் பார்த்தார். “சேர் பழைய டீமேக்கரய்யா மகன்தானே?”

“ஆமாம்.”

“ஒங்க வீட்டுக்கு மிலாறு கொண்டாந்து போட்டது எங்கம்மாதான் சேர். நானும் கூட வருவேன். நீங்க பாத்திருக்க மாட்டீங்க. நாங்க பின்பக்கமாத்தான் வருவோம்.”

சொல்லிவிட்டு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

நான் முன் அறையில் உட்கார்ந்து புத்தகம் படித்த பிள்ளை. சோறு சமையலறையில் இருந்து வரும். சமையலறைக்கு நெருப்பு எங்கிருந்து வரும்? அந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் இருக்கவில்லை. பதினெட்டு வருடம் மிலாறில் வெந்த சோற்றைத் தின்று வளர்ந்துவிட்டு, மிலாறு யாருக்கும் வேண்டாம் என்று ஸ்லைடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிபுணன் என்பவன் இப்படித்தான் உருவாகிறான் போலிருக்கிறது.

மணி பத்தரை. ரிஸ்னா கேட்டால் கட்டுகள் திரும்பி வந்துவிடும், அது எல்லோருக்கும் தெரிந்தது. புஷ்பராணியே சொன்னார்: “ஒங்க பொருள்னா எடுத்துக்குங்க மிஸ். ரெண்டு மூணு கட்டு எரிச்சாச்சு, மிச்சம் இருக்கு.” மெஷின் எரியும். யானை பார்க்கப் போகிறவர்கள் கரியைப் பார்த்து மகிழ்வார்கள். நாலாம் பக்கம் அப்படியே இருக்கும்.

ரிஸ்னா சுவரோரமாகப் போய் அந்தச் சிவப்புத் துணித் துண்டு ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

“வேணாம் அக்கா. வெச்சிக்கோங்க.”

நுவன் தலையில் கை வைத்தான்.

புஷ்பராணிக்கு இப்போதுதான் ஆர்வம் வந்தது. “மெஷின்னு சொன்னீங்களே, அது என்ன பண்ணும்? சோறு ஆக்குமா?”

“இல்ல அக்கா. கரி ஆக்கும்.”

புஷ்பராணி பக்கத்து வீட்டை நோக்கிக் குரல் கொடுத்தார். “ஏ லெச்சுமி, கேட்டியா? கரி ஆக்குறதுக்கு மெஷினாம்டி.” அங்கிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பிறகு வேறு வீடுகளிலிருந்தும் வந்தது. லயத்தில் சுவர்கள் மெல்லியவை.

எழுந்து உள்ளே போய், பழைய பால்மா டின் ஒன்றைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தார். உள்ளே கரி. கறுப்பாக, மொறமொறவென்று. சமையல் முடிந்ததும் தணலை வாரி டின்னில் போட்டு இறுக்கி மூடிவிடுவாராம். காற்றுப் போகாமல் அணைந்துவிடும். பிள்ளைகளின் வெள்ளை யூனிபோமை அயர்ன் பண்ண அந்தக் கரிதான். மிச்சத்தை வாசலில் உள்ள மிளகாய்ச் செடிக்குப் போடுவாராம்.

“எதுக்கு மிளகாய்ச் செடிக்கு?” ரிஸ்னாவின் குரல் மாறிவிட்டது.

“போட்டா வெயில்ல வாடல. ஏன்னு தெரியல.”

நுவன் ஒரு துண்டை எடுத்தான். உடைத்தான். முகர்ந்தான். இரண்டு துண்டைத் தட்டிக் காதருகே கேட்டான். பிறகு ரிஸ்னாவைப் பார்த்து, “மேக்க நம் ஹரி” என்றான். இது சரியாகத்தான் இருக்கிறது. அடுத்த இரண்டு மணி நேரம் அவர்கள் இருவரையும் அந்த அடுப்படியிலிருந்து கிளப்ப முடியவில்லை. சாம்பலை நிறுத்தார்கள், தணலுக்குள் வெப்பமானியை விட்டார்கள், புகையில் இருமினார்கள். தினமும் இருபது வீட்டில் எரிகிற அடுப்பே மெஷின் என்றால் எப்படி இருக்கும்? சோறும் வேக வேண்டும், புகையும் குறைய வேண்டும், முடிவில் சாம்பலுக்குப் பதில் கரி மிஞ்ச வேண்டும். அப்படி ஓர் அடுப்பைச் செய்ய முடியுமா?

இரண்டு மணிக்கு விருந்தினர்கள் வந்தார்கள். குடையோடு ஒருவர், கேமராவோடு ஒருவர். வெறும் பீப்பாயைப் பார்த்தார்கள். ரிஸ்னா லெப்டொப்பைத் திறக்கவே இல்லை. “எங்கள் நாலாம் பக்கம் பிழை” என்று தொடங்கினாள். சொன்னவன் யார் என்று சொல்லவில்லை. நான் அந்த நேரம் பார்த்து மிளகாய்ச் செடியை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

குடைக்காரர், “அப்படியானால் உங்களிடம் மூலப்பொருளே இல்லையே?” என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார். கேமராக்காரர் மட்டும் புஷ்பராணியிடம் சிங்களத்தில் பத்து நிமிடம் பேசினார். புஷ்பராணி அவரைவிட நல்ல சிங்களத்தில் பதில் சொன்னார். “அடுப்பு ஒன்று செய்தால் கூப்பிடுங்கள்” என்று சொல்லிவிட்டு அவரும் யானை பார்க்கப் போனார்.

பரீட்சையில் பாஸா, ஃபெயிலா? எனக்கு இன்னும் தெரியாது. ரிஸ்னாவுக்கும் தெரியாது. அவளுடைய வாப்பாவின் மாணிக்கக் கடைக்குப் பின்னால் நுவன் வெல்டிங் செய்துகொண்டே இருக்கிறான்.

முதல் அடுப்பு புஷ்பராணி வீட்டுக்குப் போனது. மூன்றே நாளில் தீர்ப்பு வந்தது. புகை குறைவு, நல்லது. கரி மிஞ்சுகிறது, நல்லது. ஆனால் ஒரு தடவை நிரப்பினால் நடுவில் மிலாறு போட முடியாது. ரொட்டி பாதி வேகும்போது நெருப்புப் போய்விடுகிறது.

“நெருப்பு போதுமா போதாதான்னு நான்தான் மிஸ் சொல்லணும். அடுப்பு சொல்லக் கூடாது” என்றாராம். ரிஸ்னா அதை அப்படியே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். இரண்டாவது அடுப்பின் பக்கவாட்டில் ஒரு வாசல் வைத்தார்கள். மிலாறு உள்ளே போகும். ஆனால் காற்றும் கூடவே போய்க் கரியைச் சாம்பலாக்கிவிடுகிறது. மூன்றாவதை இப்போது செய்கிறார்கள். அடுப்பின் காலில் ஒரு சிவப்புத் துணியும் கட்டியிருக்கிறது, யாருடைய அடுப்பு என்று சந்தேகம் வரக்கூடாது அல்லவா?

முந்தாநாள் ரிஸ்னா மறுபடி போன் செய்தாள்.

“அங்கிள், யட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பர் மரம் வெட்டுறாங்க. அந்தக் கிளை, சின்னக் குச்சி எல்லாம்... அத ஆக்கள் எதுக்கும் பாவிக்கிறாங்களா?”

எனக்கு விடை தெரியும். தெளிவாக, விரிவாக, வரலாற்றோடு தெரியும்.

அதனால்தான் புஷ்பராணியின் நம்பரைக் கொடுத்தேன்.