மாடிக் கொடியில் எங்களுக்கு இடமில்லை

நான்கு வருடங்களுக்கு முன்பு, கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன்.

சேர்ந்த மறுவாரமே வார்டன் ஓர் அறிவிப்பு ஒட்டினார். மொட்டை மாடிக் கொடியில் உள்ளாடைகளைக் காயப்போடக் கூடாது. எதிரே ஆண்கள் விடுதி இருக்கிறது, கண்ணில் படும். அறிவிப்பைப் பார்க்காமல் காயப்போட்டவர்களுடையதை ஒரு பக்கெட்டில் அள்ளி வந்து அலுவலக மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். இன்னது என்னுடையது என்று சொல்லி, நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டுமாம். வாட்ச்மேனும், மகளைப் பார்க்க வந்திருந்த யாரோ ஒரு அப்பாவும் அங்கேயே நின்றிருந்தார்கள். என்னுடையதும் அதில் இருந்தது. நான் எடுக்கவில்லை.

எதிர் விடுதி வராந்தா முழுக்க ஜட்டிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

அதன் பிறகு எல்லோரும் அறைக்குள்ளேயே கட்டிலுக்கு அடியில் கயிறு கட்டி, மேலே துண்டைப் போட்டு மூடிக் காயவைத்தோம். அது சாரல் பிடித்த நேரம். மூன்று நாளானாலும் ஈரம் போகாது. அந்த ஈரத்தோடுதான் வகுப்புக்குப் போவோம்.

இரண்டு மாதத்தில் எனக்கு அரிப்பு ஆரம்பித்தது. தொடையிடுக்கில் தோல் சிவந்து, நடந்தாலே எரிந்தது. அறைத்தோழிக்குத் தெரிந்தால் சுத்தமில்லாதவள் என்று நினைத்துவிடுவாளோ என்று பயந்து வாயே திறக்கவில்லை. மருந்துக்கடையில் தம்பிக்கு என்று பொய் சொல்லி ஒரு களிம்பு வாங்கிப் பூசினேன். இன்னும் மோசமானது. லேப்பில் நிற்க முடியாமல் கழிவறைக்குப் போய் அழுதிருக்கிறேன்.

கடைசியில் துடியலூரில் ஒரு பெண் மருத்துவரிடம் தனியாகப் போனேன். பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வியே, "துணியெல்லாம் எங்க காயப்போடறே, அம்மணி?" என்பதுதான். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்க ஹாஸ்டல்ல இருந்து இந்த மாசம் நீ ஆறாவது புள்ளை. ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே மாட்டீங்களா?"

ஈரத்தால் வந்த தொற்று, வெயிலில் காய்ந்த துணிதான் உடுத்த வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அறைத்தோழியிடம் சொன்னேன். பெருந்துறைப் பெண், எதற்கும் சிரிப்பவள். அன்று சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து, அதே களிம்பை எடுத்துக் காட்டினாள். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இரண்டு பேரும் இத்தனை நாள் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் எரிச்சலைப் பொறுத்திருக்கிறோம். எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

அன்று இரவே அறை அறையாகப் போய்க் கேட்டோம், மறுநாள் மருத்துவர் சீட்டோடு ஒன்பது பேர் வார்டனிடம் போனோம். அவர் சீட்டைக் கையில்கூட வாங்கவில்லை. நல்ல குடும்பத்துப் பெண்கள் பேசுகிற பேச்சா இது என்று கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். எங்கள் துணிகளையெல்லாம் மாடிக் கொடியில் போட்டுவிட்டு, யாரும் அள்ளிக்கொண்டு போகாதபடி சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

வார்டன் எங்கள் வீடுகளுக்குப் போன் செய்தார். காரமடையிலிருந்து என் அம்மா பஸ் பிடித்து வந்தார். வீட்டிலும் இந்தத் துணிகளைச் சேலைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுகிறவர் அவர். எனக்குத்தான் திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். வார்டன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"ஏனுங்க மேடம், பாக்கறவனை அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லாம, எம்புள்ளையை ஈரத்துணி போடச் சொல்றீங்களே, இது ஞாயமுங்களா?"

ஒரு மாதம் கழித்து எங்கள் மாடியைச் சுற்றித் தகரம் அடித்து, உள்ளே காயப்போட்டுக்கொள்ள அனுமதித்தார்கள். எதிர் வராந்தாவுக்குத் தகரம் வரவில்லை. புண் ஆறியது, தோலில் விழுந்த கறுப்புத் தழும்பு மட்டும் போகவில்லை.

வார்டன் மேல் இருந்த கோபம்கூட இப்போது குறைந்துவிட்டது. ஆனால் ஒரே கூரையின் கீழ் அத்தனை பெண்கள், ஒரே வேதனையோடு, ஆளுக்கொரு பொய் சொல்லி மருந்து வாங்கினோமே, அந்த வெட்கத்தை எங்களுக்குள் திணித்தவர்களை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.