அம்மா மறித்த கார்

அப்பா எம்.எல்.ஏ. ஆன பிறகும் அம்மா காப்பித் தோட்ட வேலையை விடவில்லை. அப்பாவும் அதே தோட்டத்தில் கூலியாக இருந்து, சங்கத் தலைவராகி, பாச்சலூர்ப் பக்கமெல்லாம் நடந்தே ஆள் சேர்த்தவர். அவர் ஜெயித்தபோது நான் இரண்டாம் வகுப்பு. வகுப்பில் என் கால் தரையில் படவில்லை.

எங்கள் மலை ஆஸ்பத்திரியில் சாயங்காலத்துக்கு மேல் டாக்டர் இருக்கமாட்டார். அந்த மழைக்காலத்தில், வலி கண்ட என் சித்தியைக் கீழே கொண்டுபோகும் வழியிலேயே பிள்ளை இறந்து பிறந்தது. அதன் பிறகு அப்பா சட்டசபையில் பேசிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. மந்திரி மலைக்கு வருகிற நாளாகப் பார்த்து, சங்கத்துப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் அம்மாவும் சித்தியும். அம்மா மடியில் நான்.

கொண்டை ஊசி வளைவில் கார்கள் வரிசையாக நின்றன. மந்திரியின் காரிலிருந்து அப்பா இறங்கி வந்தார். நான் அவரிடம் ஓடப் பார்த்தேன். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"நான் பேசிக்கிறேன். எல்லாரும் எந்திரிங்க," என்றார் அப்பா.

"டாக்டர் வரட்டும் எம்.எல்.ஏ. சார், எந்திரிக்கிறோம்," என்றாள் அம்மா.

வீட்டில் அவரை 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவாள். அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அப்பா குரலைத் தாழ்த்தினார். "போலீஸ் வந்துரும்த்தா."

"வரட்டும். எங்கள ஒக்காரப் பழக்குனதே நீங்கதான். எந்திரிக்கப் பழக்கலயே."

அப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி தலை நிமிரவில்லை. அவர் திரும்பிப் போய்க் கார் ஜன்னலில் குனிந்து வெகுநேரம் பேசினார். கடைசியில் மந்திரியே இறங்கி வந்து எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு ராத்திரி டாக்டரும் வந்துசேர்ந்தார். அடுத்த தேர்தலில் அப்பாவுக்கு சீட்டுக் கிடைக்கவில்லை. மறுபடியும் சங்க ஆபீசுக்கே போனார்.

ஆனால் மறியல் நடந்த அன்று சாயங்காலம், வீட்டில் பெரிய சண்டை வரப்போகிறது என்று பயந்துகொண்டிருந்தேன். அப்பா தன் கையாலேயே அம்மாவுக்குச் சோறு போட்டு வைத்தார்.

"நீ மட்டும் வெரசா எந்திரிச்சிருந்தா, நான் என்னத்தக் காட்டி மந்திரிட்ட கேட்டுருப்பேன்?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அவர் அம்மாவைத் திட்டுகிறார் என்றே நினைத்து, மறுநாள் முழுக்க நான் அப்பாவோடு பேசவில்லை.