பின்பக்கத்துப் பாட்டு

படப்பையில் மாடி அறை ஒன்றில் நானும் தூத்துக்குடிக்காரன் ஒருவனும் குடியிருந்தோம். இருவருக்கும் ஒரகடத்தில் வேலை. எனக்குப் பெரும்பாலும் நைட் ஷிஃப்ட், அவனுக்குப் பகல். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை வரை சண்டை போட நேரம் கிடைக்காது.

பழைய இசைத்தட்டு போடும் பெட்டி ஒன்று அவனிடம் இருந்தது. தட்டு என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் உள்ள சின்னத் தட்டு. முன்பக்கத்தில் ஒரு பெண் வீணையோடு மெல்லப் பாடுவாள். கேட்டால் கண் தானாகச் சொக்கும். பின்பக்கத்தில் டிரம்ஸ், கிடார், நடுநடுவே ஒரு கூச்சல். பாடியவள் என்று இரண்டுக்கும் ஒரே பெயரைத்தான் அச்சடித்திருந்தார்கள். நான் நம்பவில்லை.

ஞாயிறு காலை வேலை முடிந்து வந்து படுப்பேன். சரியாக அப்போதுதான் அவன் பின்பக்கத்தைப் போடுவான்.

"டேய், தூங்கிகினு கீறேன்டா! போட்டுத்தான் ஆவணும்னா அந்தப் பக்கத்தப் போடு."

"ஏல, அது விக்கதுக்காகப் பாடுனது. பின்னாடிதான் அவ இஷ்டத்துக்குப் பாடியிருக்கா. நல்லாக் கேளு, சிரிக்கிறது தெரியும்."

எனக்குத் தலைவலிதான் தெரிந்தது. தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு புரண்டேன். அவன் மறுபடி முதலிலிருந்து போட்டான்.

ஒரு ஞாயிறு கீழ் வீட்டு அக்கா படியேறி வந்தார். வீட்டுக்காரரின் மனைவி. அப்பாடா, இனி இவனுக்கு இருக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தேன்.

"இன்னாபா, பாட்டு நின்னுபோச்சு? துணி தொவச்சிகினு கேட்டுகினு இருந்தேன். இன்னொரு தபா போடு."

"அக்கா, அந்தப் பக்கம் நல்ல பாட்டு ஒண்ணு கீது" என்றேன்.

"அத்த போடாத. எழவு வூடு மாரி கீது."

அவன் என்னைப் பார்க்காமலே ஊசியை எடுத்து வைத்தான். அதற்குப் பிறகு நான் என்ன கத்தினாலும், அக்கா கேட்கிறார்கள் என்பதே அவன் பதில்.

போன மாதம் ஊர்ப்பக்கமே வேலை கிடைத்துக் கிளம்பினான். நான் உள்ளுக்குள் கொண்டாடிக்கொண்டிருந்தபோது தட்டை என் கையில் திணித்தான்.

"ஒனக்கு அந்த முன்பக்கம் புடிக்கும்லா, வச்சுக்கோ."

நெகிழ்ந்துபோனேன். அவனைப் பேருந்து ஏற்றிவிட்டு அறைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், பெட்டியைக் காணோம். உடனே போன் செய்தேன்.

"பெட்டி இல்லாம தட்ட வச்சிகினு இன்னாடா பண்றது?"

"நானும் அதத்தான் யோசிச்சேன். தட்டு இல்லாம பெட்டிய வச்சு நான் என்ன செய்ய?"

"அப்புறம் ஏன்டா பிரிச்ச?"

"ரெண்டு பேரு இருந்தோம், ரெண்டு சாமான் இருந்துச்சு. ஆளுக்கு ஒண்ணுதானல நியாயம்?"