தர்மாஸ்பத்திரிக் குளிசை

பினாங்கில் மருந்தைப் பெயர் சொல்லித்தான் வாங்குகிறார்கள். பிஸ்கட் கேட்பதுபோல, இன்ன கம்பெனி, இன்ன நிறப் பெட்டி என்று. எங்கள் யாழ்ப்பாணத்தில் நோயைச் சொன்னால் போதும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூலியா ஸ்ட்ரீட் கடையொன்றில் பிரஷருக்குக் குளிசை கேட்டேன். கடைக்காரச் சீனர், “எந்தக் கம்பெனி?” என்றார். என்னை விசாரிக்கிறார் என்று நினைத்து நான் வேலை செய்யும் மருந்துக் கம்பெனியின் பெயரைச் சொன்னேன். அந்தக் கம்பெனிப் பெட்டியையே எடுத்து வைத்தார். நோய் அப்பா வழி வந்தது. எனக்கும் உண்டு, ஊரிலிருக்கும் தங்கை பரமேசுக்கும் உண்டு. என் சம்பளத்தில் நல்லதொரு பங்கு அந்தப் பெட்டிக்கே போகிறது.

பரமேசுக்கு அது சும்மா கிடைக்கிறது. இலங்கை அரசாங்கம் இப்போது கம்பெனிப் பெயர் பாராமல், மலிவாகத் தரும் நாடுகளில் மொத்தமாக வாங்கி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. ‘தர்மாஸ்பத்திரியிலை குளிசை தருகினம் அக்கா. மாரியிலை, மழை ஈரத்துக்குக் கொஞ்சம் உதிருது, வேறை குறையில்லை’ என்று எழுதியிருந்தாள். வாசிக்க வயிறு எரிந்தது. சொல்ல வெட்கம்தான், ஆனால் எரிந்தது. எனக்குப் பினாங்கு மாப்பிள்ளை சரிவந்த அன்று அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து உள்ளுக்குள் குளிர்ந்தவள் நான். இங்கும் பெரியாஸ்பத்திரியில் மலிவாக மருந்து வாங்கலாம். கடல் கடந்து வந்தவள் அந்த வரிசையில் நிற்பதைக் கண்டால் ஊர்ச்சனம் என்ன கதைக்கும்? அவளுக்கு அந்தக் கவலையும் இல்லை.

நான் டைப் அடிப்பது ஓர் ஐரோப்பிய மருந்துக் கம்பெனியின் பீச் ஸ்ட்ரீட் அலுவலகத்தில். இலங்கை வியாபாரமும் எங்கள் கையில்தான். அந்த அரசாங்கத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போய்க்கொண்டிருந்தது: மலிவு மருந்தில் தரம் இராது, இப்படியே போனால் எங்கள் மருந்து எதுவும் உங்களுக்கு வராது. ஸ்டோர் பார்க்கும் காதர் சிரிப்பார். “உள்ள இருக்கிற மாத்திரை ஒண்ணுதான்லா அக்கா. பெட்டிக்குத்தான் இந்த விலை.” எனக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒருநாள் மனேஜர் டானிடம், என் தங்கைக்குக் கொடுக்கும் குளிசை கையில் எடுத்தாலே உதிர்கிறதாம் என்றேன். ‘மாரியில் கொஞ்சம்’ என்பதை விழுங்கிவிட்டேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். “கம்பெனிமேல் உனக்கு நல்ல விசுவாசம். அவளிடமிருந்து கொஞ்சம் குளிசை எடுத்துத் தா, சாட்சியாகத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவோம்.” விசுவாசமாம். என் வயிற்றெரிச்சலை அந்த மனிதர் அப்படி விளங்கிக்கொண்டார்.

அன்றே பரமேசுக்கு எழுதினேன்: ‘இங்கை மருந்து யானை விலை. ஏலுமெண்டால் உன்ரை குளிசையிலை கொஞ்சம் அனுப்பிவிடு.’ ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் என் கெட்டித்தனம். தபாலில் சேர்க்கும்போது, அவளுடைய சும்மாக் குளிசைக்கு ஒரு முடிவு வரட்டுமே என்றும் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் பால்மா டின் ஒன்று வந்து சேர்ந்தது. பஞ்சு வைத்து, நிறைய வெள்ளைக் குளிசைகள். ஒன்றுகூட உதிரவில்லை. கூடவே கடிதம். ‘அக்கா, ஆஸ்பத்திரியிலை ஆளுக்கு அளந்துதான் தருவினம். அதாலை காலமைக் குளிசையை விட்டிட்டுப் பின்னேரம் மட்டும் போட்டு மிச்சம் பிடிச்சனான். இடைக்கிடை தலை சுத்தினது, இப்ப பரவாயில்லை. நீ ஒரு நாளும் விடாமல் போடு.’

இரண்டு நேரமும் போடு என்று உடனே அவளுக்குத் தந்தி அடித்தேன்.

மறுநாள் டான் கேட்டார், “தங்கை அனுப்பினாளா?”

“இல்லை,” என்றேன்.

“சில பேருக்குத் தங்களிடம் இருப்பதைக் கொடுக்க மனம் வராது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

டின் என் கைப்பைக்குள் இருந்தது. மெஷினில், அந்தக் குளிசை அவள் நாட்டுக்குப் போகக்கூடாது என்ற கடிதம் பாதியில் நின்றது. மீதியையும் பிழையில்லாமல் அடித்து முடித்தேன். பிறகு மேசையிலிருந்த தண்ணீரை எடுத்து, அவளுடைய காலமைக் குளிசையில் ஒன்றைப் போட்டுக்கொண்டேன்.