காங்கிரீட்டுக்குக் கீழே கோசோங்

சிங்கப்பூரை அடுத்த மலாய் ஊரான ஸ்கூடாய்க்குக் குடிவந்த புதிதில் எனக்கு விளங்காத காட்சி ஒன்று உண்டு. பெருமழை கொட்டி ஓய்ந்ததும் அடுத்த வீட்டு ரொகாயா குழாயைத் திறந்து, வாசலில் கார் நிற்கும் காங்கிரீட் தளத்தைத் தேய்த்துக் கழுவுவார். வானமே கழுவிவிட்ட தரையை எதற்குக் கழுவ வேண்டும்? பாசி பிடித்தால் வழுக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. கழுவியபின் குனிந்து, எங்காவது வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவியும் பார்ப்பார். அவரைக் 'காக்' என்று அழைப்பேன், மலாயில் அக்கா. அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த மலாய் கடைத்தெருவோடு சரி.

விருதுநகரில் எங்கள் வீட்டு முன்னால் காங்கிரீட் போட்டது, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்துக் கிடந்த ஒரு கோடையில். புதுத் தளத்தில் பாத்தி கட்டி நீர் தேக்கச் சொன்னார் கொத்தனார். "மனுசனுக்கே குடிக்கத் தண்ணி இல்ல, இது குடிக்கிற குடியப் பாரு" என்று முனகிக்கொண்டே ஊற்றினாள் அம்மா. அதோடு சரி. மிளகாய் காயப்போட்டோம், பைக் நிறுத்தினோம். அந்தத் தளத்தை யாரும் குனிந்து பார்த்ததில்லை. இன்றும் அப்படியே கிடக்கிறது. அதனால், இங்கே எங்கள் வாசலில் லோங்காங் ஓரமாக, அதாவது தெருச் சாக்கடையை ஒட்டி, விரிசல் ஓடியபோது நானும் கணவரும் அதை வெறும் கோடு என்றே நினைத்தோம்.

ஒருநாள் காக் வந்து, துடைப்பக் கட்டையால் எங்கள் தளத்தைத் தட்டி, "கோசோங், கோசோங்" என்றார். நான் அறிந்த கோசோங் சாப்பாட்டுக் கடையில் கேட்டது: பாலும் சர்க்கரையும் போடாத தேநீர். உள்ளே ஓடி, அப்படியே ஒரு கோப்பை போட்டுக் கொண்டுவந்தேன். அவர் திகைத்து, சிரித்து, குடித்து முடித்து, மறுபடியும் தரையைத் தட்டினார். இன்னொரு கோப்பை வேண்டுமா என்று சைகையில் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

மழைக்காலம் வந்தது. கணவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்த ஒரு மதியம், ஐந்து வயது மகள் யாழினியைப் பின்னிருக்கையில் உட்காரவைத்துக் காரைப் பின்னுக்கு எடுத்தேன். பலகை முறிவதுபோல் ஒரு சத்தம். கார் பின்பக்கமாகச் சரிந்தது. முன்கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்தது.

"அம்மா, வீடு மேல போகுது!" என்றாள் யாழினி.

என் கை ஸ்டியரிங்கை விடவில்லை. வெறுங்காலோடு ஓடிவந்த காக் பின்கதவைத் திறந்து, பிள்ளையை அள்ளித் தூக்கினார். எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. நான் இறங்கிய மறுகணம் தளத்தில் இன்னொரு துண்டு உடைந்து, கார் இன்னும் ஆழமாக உட்கார்ந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். மண் இல்லை. ஓர் ஆள் இடுப்பளவு நிற்கக்கூடிய இருட்டுப் பள்ளம். அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உடையாமல் தொங்கிய விளிம்பில் யாழினி முந்தின மாலை சாக்பீஸால் வரைந்த சூரியன். தினமும் அங்கேதான் குப்புறப் படுத்து வரைவாள். காக் அவளை மார்போடு இறுக்கியபடி, குழியைக் காட்டினார். "கோசோங்." காலி. இப்போது புரிந்தது.

பழுதுபார்க்க வந்த செல்வம் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் மலாய் கலக்கும். "அலமாக்! இப்படியா விடுவீங்க? வெடிப்பு வழியா மழைத்தண்ணி எறங்கி மண்ண லோங்காங்குக்குக் கொண்டு போயிருச்சு லா. மேல பாக்க நல்லாத்தான் இருக்கும். வெடிப்பு வந்தா உடனே அடைச்சிரணும்" என்றார். நீர் இல்லாமல் நிலம் பிளக்கும் ஊரிலிருந்து வந்தவள் நான். நீரே நிலத்தைத் தின்னும் என்று யார் சொல்லித்தந்தார்கள்?

குழியைக் கல்லும் மண்ணும் கொட்டிக் கெட்டித்து, கம்பி கட்டி, புதுக் காங்கிரீட் போட்டார்கள். அது இறுகும்வரை வாசலில் கால் வைக்கக் கூடாது. காக் தன் வீட்டுத் தாழ்ந்த மதிலிலிருந்து எங்கள் நிலைப்படிக்கு ஒரு பலகை போட்டார். முதல்முறை அதில் ஏறி நடுவில் நின்றபோது கால்கள் நகர மறுத்தன. கையில் கைப்பேசி; விருதுநகரிலிருந்து அம்மா அழுதாள். "காலுக்கடியில மண்ணே இல்லாத ஊரு நமக்கெதுக்கு? பிள்ளையத் தூக்கிட்டு வந்துரு தாயி, வந்துரு." பலகையின் மறுமுனையில் காக் இரு கைகளையும் நீட்டி, "மாரி, மாரி" என்றார். மலாயில் அதற்கும் 'வா' என்றுதான் பொருள்.