கலியஸ்கர் தட்டிப் பார்த்த செங்கற்கள்

இடது கையில் ஒரு செங்கல், வலது கையில் ஒரு செங்கல். இரண்டையும் ஒன்றோடொன்று தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார் கலியஸ்கர். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, இரண்டடி பின்னால் நிற்கும் மூத்த மருமகளைப் பார்க்கிறார். ராய்ஹானின் புருவம் உயர்ந்தால் கல் வண்டிக்குப் போகும். உயராவிட்டால் குவியலுக்கே திரும்பும்.

நன்றாக வெந்த செங்கல் மணிபோல ஒலிக்கும். உள்ளே விரிசல் கண்டது பொத்தென்று அடங்கிவிடும். அந்த மணியோசை கலியஸ்கருக்குக் கேட்பதில்லை. பாதி ஆயுளைப் பண்ணை டிராக்டரின் இரைச்சலில் கழித்தவர். இந்த ரகசியம் மருமகளுக்குத் தெரியும், பக்கத்து வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியும், ஜார்கெந்த் ஊரில் மற்ற எல்லோருக்கும் தெரியும். வெளியே தெரியாது என்று அவர் மட்டும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

காது போனாலென்ன, நாக்கு இருக்கிறதே. கல்லின் முனையை நக்கிப் பார்ப்பார். நாக்கில் ஒட்டினால் அது அரைவேக்காடு. ஒருமுறை ஒட்டிய கல் விடவே இல்லை. கல்லும் வாயுமாக வீடுவரை நடந்து வந்தார். சூடான தேநீரை ஊற்றித்தான் பிரித்தெடுத்தோம். ஊற்றியது நான். சத்தியம் செய்யச் சொல்லாதீர்கள்.

சூளைக்காரன் தாவுத் உய்குர்க்காரன், வாயாடி. "என்னண்ணே, கல்லு வாங்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா?" என்று கேட்டான்.

"பொண்ணு பாத்தாச்சுடா. இது அவ வந்து நிக்கப்போற எடத்துக்கு."

இளைய மகனுக்கு இலையுதிர்காலத்தில் கல்யாணம். வெள்ளைக் கல்லில் குளிர்காயும் கணப்பு கட்டினால் கல்யாணப் படத்தில் அழகாக இருக்கும் என்று அவன் அல்மாட்டியிலிருந்து சொல்லியனுப்பியிருந்தான். சுண்ணாம்பும் மணலும் சேர்த்து அழுத்திய அந்த வெள்ளைக் கல்லில்தான் எங்கள் ஊர்ச் சுவர்கள் பாதி நிற்கின்றன. "படத்துல சிரிக்கும், நெருப்புல வெடிக்கும்" என்று சொல்லிவிட்டார் கலியஸ்கர்.

எங்கள் ஊர் வழக்கப்படி, புது மருமகள் வாசல் தாண்டியதும் மாமனார் வீட்டு நெருப்பில் உருக்கிய ஆட்டுக்கொழுப்பு வார்த்துக் கும்பிட வேண்டும். நெருப்புத் தாய் ஏற்றுக்கொண்டால்தான் அவள் அந்த வீட்டுக்காரி. ராய்ஹான் வந்தபோது அந்த வீட்டில் வெந்நீர்க் குழாய்தான் சூடு கொடுத்தது. நெருப்பென்று இருந்தது சமையலறை எரிவாயு அடுப்பு மட்டும். பெண்கள் அங்கே கூட்டிப்போய் அவளை வார்க்கச் சொன்னார்கள். அகப்பை நிறையக் கொழுப்பை அவள் பக்தியோடு வார்த்தாள். அடுப்பு 'புஸ்' என்று அணைந்தது. வீடெங்கும் வாயு நாற்றம். கல்யாணக் கூட்டம் மொத்தமும் பனியில் நின்றது. கலியஸ்கரின் அக்கா பீபிகுல் கொதிக்கிற சமோவார் தேநீர்க் கலத்தோடு ஜன்னல் வழியாகக் குதித்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அன்றிலிருந்து பீபிகுலுக்கு ராய்ஹான் 'தீயணைச்ச மருமக'. ஆடு செத்தாலும் அவளால், ஆலங்கட்டி விழுந்தாலும் அவளால். விருந்துக்கு விருந்து இதைச் சொல்லிச் சிரிப்பாள். ராய்ஹான் அத்தையின் கிண்ணத்தில் தேநீரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள். மணியோசை கேட்காத கலியஸ்கருக்கு இது மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டது.

கணப்பு இளைய மருமகளுக்காக என்றுதான் ஊர் நினைத்தது. சூளையில் ஒருநாள், திரும்பிப் பார்க்காமலே மருமகளிடம் சொன்னார்: "நெருப்பே இல்லாத வீட்டுக்கு உன்னைக் கூட்டியாந்துட்டோம் கண்ணு. அது எங்க தப்பு, உன் தப்பில்ல." சொல்லிவிட்டு அவசரமாகக் கையிலிருந்த கற்களைத் தட்டினார்.

ராய்ஹான் அந்த ஓசைக்குக் காதைக் கொடுத்தாள். பிறகு, "எடது கைக் கல்லு வேணாம் மாமா. உள்ள விரிசல்" என்றாள்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று அதைக் குவியலில் போட்டார்.

கல்யாணத்தன்று சிவப்புக் கல் கணப்பில் பாலைநிலத்துச் சக்சௌல் விறகு சடசடவென்று எரிந்தது. ஒரு கல்லும் வெடிக்கவில்லை. பீபிகுல் ஒரு கையில் கொழுப்பு அகப்பையும் மறு கையில் புதுப்பெண்ணுமாக வந்தாள். கலியஸ்கர் கணப்பை மறைத்துக்கொண்டு நின்றார். முதுகு வெந்திருக்கும்.

"நகருடா தம்பி, மருமக வந்து நிக்குறா."

"நிக்கட்டுங்க்கா. மூத்தவ எங்க?"

பாட்டு நின்றுபோனது. சமையலறையிலிருந்து மாவுக் கையோடு ராய்ஹானை யாரோ தள்ளிக்கொண்டு வந்தார்கள். கலியஸ்கர் அக்காவின் கையிலிருந்து அகப்பையை வாங்கினார். காம்பை மூத்த மருமகள் பக்கம் திருப்பி நீட்டினார். நீட்டிவிட்டு, நெருப்புக்கு முன்னாலிருந்து ஓரடி விலகி நின்றார்.