சௌமியா ஒட்டிய சீட்டு

திருவொற்றியூர் குப்பத்துப் பெண் சௌமியா, பத்தாம் வகுப்போடு நின்றவள். வண்ணாரப்பேட்டையில் மஜீது நடத்தும் செல்லப்பிராணிக் கடையில் டரான்டுலாக்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. உள்ளங்கை அகலச் சிலந்திகள், பதினேழு டப்பா. எது என்றைக்குத் தோல் உரித்தது என்பது வரை நோட்டில் இருக்கும்.

வீட்டில் மீன் வியாபாரம். கவலை மீனும் மத்தி மீனும் கலந்து வந்தால் அடிவயிற்றைத் தடவியே பிரிப்பாள். சொரசொரவென்று அறுத்தால் கவலை. நிறத்தை அவள் நம்பியதே இல்லை. ஐஸில் கிடந்த மீனுக்கு ஏது நிறம்?

அந்தப் பழக்கம்தான் மஜீதுக்குத் தலைவலியானது. கடையில் ஒரு பெண் சிலந்தி. கறுப்பு உடம்பு, முட்டியில் செம்மஞ்சள். டப்பாவில் ஒட்டிய சீட்டில் ‘ஸ்மித்தி’ என்று இனத்தின் பெயர். வீட்டில் சிலந்தி வளர்க்கும் கொருக்குப்பேட்டை சுடலைராஜ் தன் ஆண் சிலந்தியோடு வந்தார். அதன் டப்பாவிலும் அதே பெயர். ஜோடி சேர்த்தால் நூற்றுக்கணக்கில் குஞ்சு.

சௌமியாவுக்கு முந்தின வாரமே சந்தேகம். பெண்ணின் கொடுக்குப் பல்லுக்கு மேலே இரண்டு வெளிர்ப் பட்டைகள் தெரிந்தன. ‘ஹமோரி’ என்ற இன்னொரு இனத்துக்குத்தான் அப்படி. எடுத்து வைத்திருந்த உரித்த தோலைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் விரித்து, வயிற்றின் உட்புறம் இருக்கும் விந்துப் பையை லென்ஸில் பார்த்தாள். அதுவும் ஹமோரி போலவே இருந்தது. ஆணுக்கோ அந்தப் பை கிடையாது. முதிர்ந்து நிறமும் மங்கிவிட்டது. அது எந்த இனம் என்று சொல்ல வழியில்லை; அங்கேதான் இடித்தது.

“இன்னா, சேக்கலாமா?” என்றார் மஜீது.

“வேணாம் பாய். ரெண்டும் ஒண்ணுபோல கீது, ஒண்ணா இல்லியான்னு தெரியல.”

“டப்பால எழுதிக்கீதே.”

“எழுதுனவன் பூச்சியப் பாத்தானா, டப்பாவப் பாத்தானா?”

“தெரியலன்னா வாய மூடிகினு சேத்துவுடு. பத்தாவது படிச்சிட்டு பூச்சிக்குப் பேர் வைக்க வந்துட்டா.”

“கலந்து பொறக்குற குஞ்ச எந்தப் பேர்ல விப்ப? வாங்கினு போறவன் அத்த வேற ஒண்ணோட சேப்பான். அப்பால எவனாலயும் பிரிக்க முடியாது. நான் வுட மாட்டேன் பாய்.”

பழைய சீட்டைக் கிழித்தாள். ‘இனம் உறுதியாகவில்லை’ என்று எழுதிப் புதுச் சீட்டை ஒட்டினாள். சுடலைராஜ் அதைப் படித்துவிட்டுத் தன் டப்பாவையும் நீட்டினார்.

“இதுலயும் ஒண்ணு ஒட்டு பிள்ள. உறுதியாவுத வரைக்கும் நம்ம வீட்டுலயே கெடக்கட்டும்.”

அவர் போனதும் மஜீது வெடித்தார். “நாளைலேர்ந்து கடைக்கு வராத.”

“வருவேன். தண்ணிக் கிண்ணத்த மாத்த நீ உள்ள கைய வுடுவியா?”

மஜீது டப்பாக்களைப் பார்த்தார். அவர் இதுவரை ஒரு மூடியைக்கூடத் திறந்ததில்லை.

“சரி. ஒம்போதுக்கு வந்துடு.”

“எட்டுக்கே வரேன்,” என்றாள் சௌமியா. “மீதி பதினாறு சீட்டையும் பாக்கணும்.”